ஸ்லைடு ஸ்கேனில் இருட்டுப் பகுதியெல்லாம் புள்ளியா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கலர் ஸ்லைடுகளை (சிறு சட்டத்தில் பொருத்திய பாசிட்டிவ் ஃபிலிம் படங்களை) ஸ்கேன் செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை ஒன்றுதான். படம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் போதும், சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் கிளம்பிவிடுகின்றன. உடனே இந்த நாய்ஸை (புள்ளிக் கரகரப்பை) அழிக்கும் மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். அந்த மென்பொருள் புள்ளியோடு சேர்த்துத் துணியின் நெசவையும் முடியின் இழையையும் வழித்துக்கொண்டு போய்விடும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் வாங்கும் வெளிச்சத்தைச் சரிசெய்தாலே பெரும்பாலான ஸ்லைடுகள் தெளிந்துவிடும்.

ஸ்லைடில் மட்டும் ஏன் இத்தனை தொல்லை என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஸ்லைடின் ஆழ்ந்த கருப்பு 3.6 அடர்த்தி (ஃபிலிம் ஒளியைத் தடுக்கும் அளவு) வரைக்கும் போகும். அந்த இடத்தைத் தாண்டி சென்சாருக்கு வந்து சேர்வது விளக்கு வெளிச்சத்தில் ஏறக்குறைய 4000இல் ஒரு பங்கு. அவ்வளவு கொஞ்சமான வெளிச்சத்தில் சென்சாரின் சொந்த நாய்ஸ் மேலே தெரிய ஆரம்பித்துவிடுகிறது. சரி, வேலைக்கு வருவோம்.

## எதையும் தொடுவதற்கு முன்: இரண்டு ஸ்கேன் சோதனை

புள்ளி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எக்ஸ்போஷரை (சென்சார் வாங்கும் வெளிச்சத்தின் அளவை) கூட்டிக் குறைப்பதில் பயனில்லை. ஃபிலிமின் கிரெய்ன் (ஃபிலிமிலேயே உள்ள மணிமணியான கரகரப்பு), சென்சாரின் நாய்ஸ், ஸ்கேனரின் கோடு, மென்பொருளின் வேலை எல்லாமே மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஷார்ப்னிங், கிரெய்ன் குறைப்பு, தூசி நீக்கும் இன்ஃப்ராரெட், தானியங்கி நிறத் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமிக்கும்படி வையுங்கள். நல்ல இருட்டுப் பகுதி உள்ள ஒரு ஸ்லைடை எடுத்து, அதை அசைக்காமல் அடுத்தடுத்து இரண்டு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு கோப்புகளிலும் ஒரே இருட்டு மூலையை 100 சதவீத அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புள்ளிகள் இரண்டு ஸ்கேனிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன: சென்சாரின் நாய்ஸ். அறிகுறி 1க்குப் போங்கள்.

புள்ளிகள் அதே இடத்தில் இருக்கின்றன: ஸ்லைடை ஹோல்டரில் 180 டிகிரி திருப்பி வைத்து மூன்றாவது ஸ்கேன் எடுங்கள். பிறகு கோப்பைத் திருப்பி நேராக்கிப் பாருங்கள். புள்ளி படத்தோடு சேர்ந்தே வந்திருந்தால் அது ஃபிலிமில் இருப்பது, அறிகுறி 4. படம் திரும்பியும் அந்த வரியோ புள்ளியோ ஸ்கேனரின் அதே பக்கத்தில் நின்றுவிட்டால் குறை இயந்திரத்தில், அறிகுறி 3.

இந்த மூன்று கோப்புகளையும் அழிக்காதீர்கள். பின்னால் சர்வீஸுக்குக் கொடுக்கும் நிலை வந்தால் பத்து நிமிட விளக்கத்தைவிட இவை நன்றாகப் பேசும்.

## அறிகுறி 1: நிழலில் வண்ணப் புள்ளிகள், ஒவ்வொரு ஸ்கேனிலும் இடம் மாறுகின்றன

மிக அதிகமாக வருவது இதுதான். கீழே உள்ளவற்றை வரிசை மாறாமல் பாருங்கள். முதல் மூன்றுக்குக் காசு செலவில்லை, நேரமும் அதிகம் ஆகாது.

### கிராப்புக்குள் வெற்று வெளிச்சம் இருக்கிறதா?

தானியங்கி எக்ஸ்போஷர், கிராப் கட்டத்துக்குள் எது அதிக வெளிச்சமோ அதை வைத்துத்தான் முடிவெடுக்கும். மவுண்டுக்கும் (ஸ்லைடின் சட்டம்) ஹோல்டருக்கும் நடுவே ஒரு கீற்று இடைவெளி கிராப்புக்குள் விழுந்துவிட்டால், ஸ்கேனர் அந்தக் கீற்றைப் படத்தின் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். மவுண்ட் இல்லாத துண்டு ஃபிலிமில் ஓரத்துத் துளைகளும் இதையே செய்யும். விளைவு, முழுப் படமும் குறைந்த வெளிச்சத்தில் பதிவாகி, மென்பொருள் பின்னால் அதை இழுத்துத் தூக்குகிறது.

கிராப்பை மவுண்டின் உள்விளிம்புக்குச் சற்று உள்ளே இழுத்து வைத்து, பிரிவியூவை மறுபடி ஓட்டுங்கள். எக்ஸ்போஷர் எண் ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. முழுச் சட்டமும் வேண்டுமென்றால், உள்ளே கிராப் செய்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம் கட்டத்தை வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

### ஃபிலிம் வகையும் பிட் அளவும்

மென்பொருளில் ஸ்லைடு அல்லது பாசிட்டிவ் ஃபிலிம் என்று தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் என்று இருந்தால் நிறங்கள் தலைகீழாகிவிடுவதால் உடனே தெரிந்துவிடும். ஆனால் சாதாரணப் படம் என்ற பொதுவான தேர்வில் இருந்தால் சட்டென்று கண்ணில் படாது. அடுத்து, கோப்பு 8 பிட் ஜேபெக்காகப் போகிறதா? அதில் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் ஒரு சேனல்) 256 படிகள்தான். நிழலுக்குக் கிடைப்பது அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில படிகள். ஸ்கேனில் சுத்தமாகத் தெரிந்து, எடிட்டிங்கில் மட்டும் புள்ளியும் பட்டையும் கிளம்புகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

### நீங்கள் நகர்த்துவது எக்ஸ்போஷரா, பிரைட்னஸா?

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஸ்கேன் ஜன்னலில் உள்ள பிரைட்னஸ், காமா, கர்வ் எல்லாம் ஸ்கேன் முடிந்த பிறகு எண்களை இழுக்கும் வேலை. அவற்றை எவ்வளவு ஏற்றினாலும் சென்சாருக்கு ஒரு துளி வெளிச்சம்கூடக் கூடுதலாகப் போகாது. இருக்கும் நாய்ஸ்தான் படத்தோடு சேர்ந்து மேலே வரும்.

உண்மையான எக்ஸ்போஷர் என்பது சென்சார் ஒவ்வொரு வரியையும் எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பது. நிக்கான் ஸ்கேன் மென்பொருளில் அதன் பெயர் அனலாக் கெய்ன். இரண்டு ஸ்டாப் மேலும் இரண்டு ஸ்டாப் கீழும் போகும் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரு மடங்கு). வியூஸ்கேன் என்ற ஸ்கேன் மென்பொருளில் பிரிவியூவுக்குப் பிறகு லாக் எக்ஸ்போஷரை டிக் செய்தால் ஆர்ஜிபி எக்ஸ்போஷர் என்ற எண் தெரியவரும்.

உங்கள் ஸ்கேனரில் அது வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரே ஸ்லைடை எண் 1இல் ஒரு முறை, 2இல் ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவதை எடிட்டரில் முதலாவதன் அளவுக்கு இருட்டாக்கி நிழலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளி குறைந்திருந்தால் வன்பொருள் எக்ஸ்போஷர் வேலை செய்கிறது. பல ஸ்கேனர்களில் இரண்டாவது ஸ்கேனுக்கு நேரமும் கூடுதலாக ஆகும். புள்ளி அப்படியே இருந்தால் அந்த எண் பெயருக்குத்தான் எக்ஸ்போஷர். பல ஃபிளாட்பெட் (தட்டையான கண்ணாடிப் பலகை உள்ள) ஸ்கேனர்களில் எக்ஸ்போஷர் மாற முடியாதபடி கட்டப்பட்டிருக்கும். அத்தகைய ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் அடுத்த படியைத் தாண்டி மல்ட்டி சாம்பிளுக்குப் போகலாம்.

### எக்ஸ்போஷரை எவ்வளவு ஏற்றுவது?

ஸ்லைடின் மிக வெளிச்சமான இடம் வெடிக்காத (விவரமில்லாத வெறும் வெள்ளையாகாத) எல்லை வரை. அதற்கு ஒரு இம்மி முன்னால் நிறுத்த வேண்டும்.

1. பிரிவியூ எடுத்து, கிராப் செய்து, எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள்.
2. ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) ரா நிலையில், அதாவது திருத்தத்துக்கு முன் பாருங்கள். வியூஸ்கேனில் கிராஃப் ரா என்ற தேர்வு இதற்கென்றே இருக்கிறது. திருத்தம் செய்த பிறகு வரும் ஹிஸ்டோகிராம் உங்களை ஏமாற்றிவிடும்.
3. அரை ஸ்டாப், அரை ஸ்டாப்பாக ஏற்றுங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் 0.3 அடர்த்திக்குச் சமம்.
4. மூன்று சேனல்களில் ஏதாவது ஒன்று வரைபடத்தின் வலது சுவரைத் தொட்டதும் கால் ஸ்டாப் இறக்கி நிறுத்துங்கள்.

மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வதில் காரணம் இருக்கிறது. சூரியன் மறையும் ஸ்லைடில் சிவப்பு எப்போதோ முட்டிவிடும். மொத்த வரைபடத்தில் அது தெரியாது. அதே நேரம், எது முட்டினாலும் பதறவும் வேண்டாம். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி, உலோகத்தின் மினுக்கு, படத்துக்குள் நேராகத் தெரியும் விளக்கு இவற்றில் ஸ்லைடிலேயே விவரம் கிடையாது. அவை வெடித்தால் இழப்பு எதுவும் இல்லை. முகம், மேகம், வெள்ளைத் துணி ஆகியவை வெடிக்கக் கூடாது.

இப்படி எடுத்த ஸ்கேன் வெளிறிப்போய்த்தான் தெரியும். அது சரியான நிலைதான். எடிட்டரில் கர்வை இறக்கும்போது படத்தோடு நாய்ஸும் சேர்ந்து கீழே போகும். நிழலை ஏற்றிக் கெடுப்பதற்கு நேர் எதிரான வேலை இது.

### ஏற்ற இடமே இல்லை: மல்ட்டி சாம்பிள்

பனி, வெயில் மணல், வெள்ளைச் சுவர் இருக்கும் ஸ்லைடில் எக்ஸ்போஷர் ஏற்கெனவே எல்லையில்தான் நிற்கும். அப்போது ஒவ்வொரு வரியையும் பல முறை படித்துச் சராசரி எடுக்கச் சொல்ல வேண்டும். 4 முறை படித்தால் நாய்ஸ் பாதியாகும், 16 முறை படித்தால் கால் பங்காகும். படிக்கும் எண்ணிக்கைக்கேற்ப நேரமும் ஏறும். என் கணக்கில் சாதாரண ஸ்லைடுக்கு 4 போதும். இருட்டான ஸ்லைடுக்கு 8. பதினாறுக்குப் போகுமளவு நேரம் இருந்தால் அதை அடுத்த படியான மல்ட்டி எக்ஸ்போஷரில் செலவழிப்பதே மேல்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஓட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் நின்று பல முறை படிக்கும் ஸ்கேனரில் கூர்மை கெடாது. முழு ஓட்டத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டும் ஸ்கேனரில் ஒவ்வொரு ஓட்டமும் ஒரு இழை நகர்ந்துவிடலாம். அப்போது நாய்ஸோடு சேர்ந்து விவரமும் மழுங்கிவிடும். ஒரு முறை படித்த கோப்பையும் நான்கு முறை படித்த கோப்பையும் கண் இமை, இலை நரம்பு போன்ற மெல்லிய இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே இதைப் பழக்கமாக்குங்கள்.

### மல்ட்டி எக்ஸ்போஷர்

வெளிச்சத்துக்கு ஒரு ஓட்டம், நிழலுக்கு நீண்ட நேரம் திறந்து இன்னொரு ஓட்டம், பிறகு இரண்டையும் சேர்த்தல். சில்வர்ஃபாஸ்ட் மென்பொருளிலும் வியூஸ்கேனிலும் இது இருக்கிறது. ஆனால் ஸ்கேனரின் வன்பொருள் இடம் கொடுக்க வேண்டும். ஆழ்ந்த நிழலுக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை.

இதில் வரக்கூடிய தொல்லை, விளிம்புகளில் இரட்டைக் கோடு. அட்டை மவுண்டில் இருக்கும் ஃபிலிம் விளக்குச் சூட்டில் மெல்ல உப்பும். முதல் ஓட்டத்தின்போது தட்டையாக இருந்தது இரண்டாவதில் வளைந்திருக்கும். ஸ்லைடை ஸ்கேனருக்குள் சில நிமிடம் இருக்கவிட்டு, அது உப்ப வேண்டிய அளவு உப்பிய பிறகு ஃபோகஸ் செய்து ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

### எக்ஸ்போஷர் மாறாத ஃபிளாட்பெட்

உண்மையான ஆப்டிகல் ரெசல்யூஷனின் உச்சத்தில் ஸ்கேன் செய்து, நீள அகலத்தைப் பாதியாக்குங்கள். நான்கு பிக்சல் ஒன்றாகச் சேர்வதால் புள்ளி ஏறக்குறைய பாதியாகக் குறையும். பல ஃபிளாட்பெட்கள் பெட்டியில் போட்டிருக்கும் ரெசல்யூஷன் அளவுக்கு உண்மையில் விவரம் தருவதில்லை என்பதால் இதில் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள்.

### எப்போது வெளியே கொடுக்க வேண்டும்?

ஸ்லைடை நல்ல வெள்ளை விளக்குப் பலகையில் வைத்து லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வழியாக அந்த இருட்டைப் பாருங்கள். அங்கே கண்ணுக்கு விவரம் தெரிகிறது, மேலே சொன்ன எதைச் செய்தும் ஸ்கேனில் வரவில்லை என்றால், டிரம் ஸ்கேன் செய்யும் லேபிடம் கொடுக்கலாம். அந்த இயந்திரத்தில் இருக்கும் ஃபோட்டோமல்ட்டிபிளையர் குழாய் இவ்வளவு குறைந்த வெளிச்சத்தையும் நன்றாகப் பிரித்துப் படிக்கும். லூப்பிலும் வெறும் கருப்புதான் தெரிகிறதென்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஃபிலிமில் பதியாததை எந்த இயந்திரமும் எடுத்துத் தராது. பிளாக் பாயிண்டை (கருப்பு தொடங்கும் எல்லையை) அங்கே வைத்துக் கருப்பைக் கருப்பாகவே விட்டுவிடுவதுதான் படத்துக்கு அழகு.

## அறிகுறி 2: ஒரே ஒரு சேனல் மட்டும் கரகரக்கிறது

எடிட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் கருப்பு வெள்ளையில் பாருங்கள். இரண்டு சுத்தமாகவும் ஒன்று மட்டும் மணல் தூவியது போலவும் இருக்கும்.

நீலம் மோசம்: மஞ்சள் விளக்கில் எடுத்த ஸ்லைடு, அல்லது அந்தி வெளிச்சம். ஸ்லைடே நீல ஒளியைத் தடுத்துவைக்கிறது. சென்சாருக்கும் பொதுவாக நீலத்தில் உணர்திறன் குறைவு. 

பச்சை மோசம்: சாயம் மங்கி மஜெந்தாவாகிப்போன பழைய ஸ்லைடு. சயான் சாயம் போய்விட்டதால் சிவப்பு ஒளி தாராளமாக வருகிறது. மஜெந்தா சாயம் பச்சையைத் தடுக்கிறது. நிறத்தைச் சரிசெய்கிறேன் என்று மென்பொருள் பச்சையை இழுத்துத் தூக்கும்போது நாய்ஸும் வருகிறது.

இரண்டுக்கும் வழி ஒன்றே. நிறத் திருத்தத்தை எடிட்டரில் செய்யாமல் எக்ஸ்போஷரிலேயே செய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீல விளக்குகளைத் தனித்தனியே எரியவிடும் எல்இடி ஃபிலிம் ஸ்கேனர்களில் ஒவ்வொரு சேனலின் நேரத்தையும் தனியாக மாற்றலாம். பலவீனமான சேனலை அதன் வலது சுவர் வரை ஏற்றுங்கள், மற்ற இரண்டையும் அவற்றின் இடத்திலேயே விடுங்கள். ஸ்கேனர் இதற்கு இடம் தராவிட்டால், மொத்த எக்ஸ்போஷரை ஏற்றி எடுத்த இரண்டாவது ஸ்கேனிலிருந்து பலவீனமான சேனலை மட்டும் எடுத்து முதல் கோப்பில் பொருத்தலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். மங்கிய குடும்பப் படங்களுக்கு அந்தப் பொறுமை தகும்.

## அறிகுறி 3: நேர்கோடுகள், எப்போதும் அதே இடத்தில்

இது எக்ஸ்போஷர் குறையே இல்லை. மல்ட்டி சாம்பிளாலும் போகாது. எத்தனை முறை படித்தாலும் கோடு அங்கேயேதான் இருக்கும்.

ஸ்கேன் ஓடும் திசையில் நீளக் கோடு: முதலில் தூசி. ஃபிளாட்பெட் ஹோல்டரின் தலைப்பக்கம் ஒரு காலி ஜன்னல் இருக்கும். அந்த இடத்து வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஸ்கேனர் தன் ஒவ்வொரு பிக்சலையும் சமன்செய்துகொள்கிறது. அங்கே கண்ணாடியில் ஒரு துகள் இருந்தால் போதும், படம் முழுக்க அதன் நேரே ஒரு கோடு ஓடும். கண்ணாடியைத் துடைத்து, அந்த ஜன்னல் மறைக்கப்படவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, விளக்குச் சூடேறாமல் அளவுதிருத்தம் நடந்திருக்கலாம். குழல் விளக்கு உள்ள ஸ்கேனரைப் பத்துப் பதினைந்து நிமிடம் எரியவிட்டு, அளவுதிருத்தத்தை மறுபடி ஓட்டுங்கள்.

குறுக்கே பட்டை: ஸ்கேனர் நடுவில் நின்று நின்று போகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். தரவு போக வழியில்லாமல் நின்றால் அந்த இடத்தில் படி விழும். யூஎஸ்பி ஹப்பைக் கழற்றி நேராகக் கணினியில் செருகுங்கள். வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். நிற்காமல் ஓடியும் பட்டை வருகிறதென்றால் காரணம் மின் அடாப்டர் அல்லது விளக்கு.

காலி ஹோல்டரை ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றிப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் கோடு அதே இடத்தில் இருந்தால் குறை சென்சார், விளக்கு, உள் கண்ணாடி (ஒளியைத் திருப்பும் மிரர்) இவற்றில் ஒன்றில் இருக்கிறது. இந்த இடத்தில் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். குழல் விளக்கு உயர் மின்னழுத்தத்தில் எரிவது; உள்ளே பாதரசமும் உண்டு. வீட்டில் திறந்து பார்க்கும் வேலை இல்லை.

## அறிகுறி 4: வானத்திலும் தோலிலும் கரகரப்பு, நிழலில் மட்டும் அல்ல

இரண்டு ஸ்கேனிலும் புள்ளி அதே இடம், திருப்பினால் படத்தோடு திரும்புகிறது என்றால் அது கிரெய்ன். எக்ஸ்போஷரை எவ்வளவு மாற்றினாலும் போகாது.

ஷார்ப்னிங் அணைந்திருக்கிறதா என்று மட்டும் மறுபடி பாருங்கள்; சில மென்பொருள்கள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதைத் திரும்ப எடுத்துப் போட்டுவிடும். நடுத்தர ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்தால் கிரெய்ன் பிக்சல்களுக்கிடையே சிக்கி, இருப்பதைவிடத் தடித்துத் தெரியும். உச்ச ஆப்டிகல் ரெசல்யூஷனில் எடுத்துப் பிறகு சிறிதாக்குவதே நல்லது. நேரான கூர்மையான ஒளியைப் பயன்படுத்தும் ஃபிலிம் ஸ்கேனர்கள், பரவலான ஒளியுள்ள ஃபிளாட்பெட்டைவிட கிரெய்னையும் கீறலையும் எடுப்பாகக் காட்டும்; அது குறையல்ல. இதற்காக யாரிடமும் கொண்டுபோக வேண்டியதில்லை.

## அறிகுறி 5: எக்ஸ்போஷரை ஏற்றினால் வெளிச்சம் இருட்டுக்குள் வழிகிறது

வானமும் கட்டடமும் சேரும் விளிம்பில் ஒரு மங்கலான ஒளிவட்டம். நிழல் புகைபிடித்ததுபோல் சாம்பலாகிறது.

முதலில் அரை ஸ்டாப் இறக்குங்கள். அடுத்து, மவுண்டைச் சுற்றி உள்ளே வரும் வீண் வெளிச்சத்தைக் கருப்பு அட்டை வைத்து அடையுங்கள். பிறகு ஸ்கேனர் கண்ணாடியும் ஸ்லைடின் மேற்பரப்பும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணாடி மவுண்டில் உள்பக்கம் படியும் மெல்லிய மூட்டமும் இதைச் செய்யும்.

அப்புறமும் போகவில்லையென்றால் வெற்று மவுண்ட் ஒன்றில் பாதி மறையும்படி கருப்பு அட்டையைப் பொருத்தி ஸ்கேன் செய்யுங்கள். அட்டையின் விளிம்பைத் தாண்டி இருட்டுக்குள் ஒளி கசிந்தால் ஸ்கேனரின் உள் கண்ணாடியிலோ லென்ஸிலோ தூசியோ படலமோ இருக்கிறது. பல வருடம் ஓடிய ஃபிலிம் ஸ்கேனர்களில் இது சகஜம். உள் கண்ணாடியின் பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால் துணியால் ஒரு முறை தேய்த்தாலே கீறிவிடும். பழகிய கைக்கே விடுங்கள்.

## அறிகுறி 6: தூசி நீக்கியைப் போட்டதும் விளிம்புகள் சிதைகின்றன

ஸ்லைடின் மவுண்டைப் பாருங்கள். கோடாக்ரோம் என்றிருந்தால் விடை கிடைத்தாயிற்று. 1935 முதல் 2009 வரை உற்பத்தியான அந்த ஃபிலிமின் சாயம் இன்ஃப்ராரெட்டை ஓரளவு தடுக்கும். ஸ்கேனர் இருட்டான விவரத்தையே தூசி என்று நினைத்து அழிக்கும். வெள்ளி படிந்த கருப்பு வெள்ளை ஃபிலிமிலும் அப்படியே. இன்ஃப்ராரெட்டை அணைத்து, ஊதுகுமிழும் மென்மையான பிரஷுமாகச் சுத்தம் செய்து, மிச்சத்தை எடிட்டரில் கையால் எடுங்கள்.

## அறிகுறி 7: ஸ்கேனர் இல்லை, கேமராவில் எடுக்கிறேன், அதிலும் புள்ளி

ஐஎஸ்ஓ தானியங்கியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்லைடு எங்கும் ஓடப்போவதில்லை. எனவே ஐஎஸ்ஓவைக் கேமராவின் அடிப்படை அளவில் வைத்து, லென்ஸ் துளையை எஃப்/8 அருகில் வைத்து, ஷட்டர் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு கொடுங்கள். ஸ்டாண்டும் டைமரும் இருந்தால் ஒரு வினாடிகூடப் பிரச்சினையில்லை. ரா கோப்பு கட்டாயம். ஹிஸ்டோகிராமை வலது சுவர் வரை ஏற்றும் விதி இங்கேயும் அதேதான்.

நிழல் இன்னும் கரகரத்தால் அதே நிலையில் இரண்டு ஸ்டாப் கூடுதலாக இன்னொரு படம் எடுத்துச் சேருங்கள். அறை விளக்கை அணைப்பதும் ஸ்லைடைச் சுற்றிக் கருப்பு அட்டை வைப்பதும் நிழலுக்கு இன்னொரு லென்ஸ் வாங்குவதைவிட அதிகம் உதவும். படத்தில் குறுக்குப் பட்டை விழுந்தால் அது நாய்ஸ் அல்ல, எல்இடி விளக்கின் துடிப்பு. எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, நேரத்தை நீட்டுங்கள். அப்படியும் விழுந்தால் மாற்ற வேண்டியது விளக்கைத்தான்.

## வெளியே கொடுக்கும்போது

லேபிடம் ஸ்லைடைக் கொடுப்பதானால் 16 பிட் டிஃப், ஷார்ப்னிங் இல்லாமல், நாய்ஸ் குறைப்பு இல்லாமல் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். எல்லா ஸ்லைடையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், இருட்டு அதிகமான ஒன்றையும் வெளிச்சமான ஒன்றையும் முதலில் கொடுத்துப் பாருங்கள். ஸ்கேனரைச் சர்வீஸுக்கு அனுப்புவதானால் முதலில் எடுத்த மூன்று ஸ்கேன்களோடு காலி ஹோல்டர் ஸ்கேனையும் அரை அட்டை ஸ்கேனையும் சேர்த்து அனுப்புங்கள். பழுது பார்த்து வந்ததும் அதே ஸ்லைடை, அதே எக்ஸ்போஷர் எண்ணில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.